பாடசாலையில் தொழிற்கல்வி: அரசின் நிபந்தனைகளும் மன்னார்க் கரையின் தேவைகளும்

பொதுப் பாடசாலை ஒன்றில் தொழிற்கல்வி நடத்த அரசு வைக்கும் நிபந்தனைகள் எந்த நாட்டிலும் ஐந்து கேள்விகளுக்கான விடைகளாகவே அமைகின்றன. யாரைச் சேர்ப்பது, எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது, எந்தக் கருவிகளோடு கற்பிப்பது, முடிவில் என்ன சான்றிதழ் தருவது? ஆறாவதாகவும் ஒரு கேள்வி உண்டு: கற்பிக்கப்படும் தொழிலுக்கு அந்தப் பிரதேசத்தில் வேலை இருக்கிறதா என்று பார்ப்பது யார் பொறுப்பு? இலங்கையின் விதிகள் முதல் ஐந்துக்கும் ஏதோவொரு விடை வைத்திருக்கின்றன. ஆறாவதுக்கு 1970களில் ஒருமுறை விடை தேடப்பட்டது. அந்த முயற்சி ஐந்தாறு ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அதன்பின் வந்த சீர்திருத்தங்களில் பாடத்திட்டமும் சான்றிதழும் ஒழுங்காகிக்கொண்டே வந்தன, ஊர் மட்டும் விதிகளுக்கு வெளியே நின்றுவிட்டது. இக்கட்டுரை அந்த விதிகளை, மன்னார்ப் பெருநிலப்பகுதியில் நானாட்டான் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த நறுவிலிக்குளம் போன்ற ஒரு கிராமத்திலிருந்து பார்க்கிறது. ஒரு பக்கம் வங்காலைக் கடல், மறுபக்கம் கட்டுக்கரைக்குளத்து நீரில் விளையும் வயல். இரண்டு தொழில்களுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு அரசின் தொழிற்கல்வி எதைத் தருகிறது என்பதே இங்கு உரைகல்.

இலங்கையில் இந்த நிபந்தனைகள் ஒரே சட்டத்தில் இல்லை. பாடசாலைக் கல்விக்கு 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படை. அதன் கீழான ஒழுங்குவிதிகளும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகளும் பாடசாலையின் அன்றாடத்தை நிர்ணயிக்கின்றன. பாடத்திட்டத்தை வகுப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட, மகரகமையில் இயங்கும் தேசிய கல்வி நிறுவகம். தொழிற்பயிற்சியோ 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ் வருகிறது. பயிற்சி நிலையங்களைப் பதிவுசெய்வதும் பாடநெறிகளைத் தராதரப்படுத்துவதும் அச்சட்டம் உருவாக்கிய ஆணைக்குழுவின் வேலை. ஆக, ஒரே மாணவர் பதினாறு வயதுவரை ஒரு விதிமுறைக்கும், தொழில் கற்கத் தொடங்கியதும் இன்னொரு விதிமுறைக்கும் உட்படுகிறார். இரண்டையும் இணைக்கும் பாலம் 2017இல்தான் போடப்பட்டது.

பாடசாலைக்குள் தொழிலைக் கொண்டுவரும் எண்ணம் அதைவிட மிகப் பழையது. 1930களில் கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டமொன்று தொடங்கியது. பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைப்பணி ஆகியவற்றைச் சுற்றிப் பாடங்களை அமைப்பது அதன் நோக்கம். கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா இதற்கு ஆதரவளித்தார். அவர் தலைமையிலான விசேட குழு 1943இல் வெளியிட்ட அறிக்கை இலவசக் கல்விக்காகவே நினைவுகூரப்படுகிறது. ஆரம்பக் கல்விக்குப் பிறகு பிள்ளைகளை அவரவர் நாட்டத்துக்கேற்ப ஏட்டுக்கல்விப் பாடசாலைக்கும் செய்முறைப் பாடசாலைக்குமாகப் பிரிக்க வேண்டும் என்ற பரிந்துரையும் அதே அறிக்கையில் இருந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பிரித்தல் நடைமுறைக்கு வரவில்லை. காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. எழுதுவினைஞர் வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வழிகாட்டியது ஏட்டுக்கல்வியே. அந்த வாசல் இலவசமாகத் திறந்த அதே வேளையில், தம் பிள்ளையை மட்டும் பக்கத்து வாசலால் அனுப்பக் கிராமத்துப் பெற்றோர் விரும்பவில்லை. கல்வியியலாளர் பிலிப் பொஸ்டர் கானா நாட்டை ஆராய்ந்து 1965இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதையே பொது விதியாக வைத்தது: வேலைச்சந்தை எந்தக் கல்விக்குச் சம்பளமும் மதிப்பும் தருகிறதோ அதைத்தான் மக்கள் கேட்பார்கள், பாடத்திட்டத்தை மாற்றுவதால் மட்டும் அந்த விருப்பம் மாறாது.

1971 கிளர்ச்சி அரசாங்கத்தை உலுக்கியது. படித்துவிட்டு வேலையின்றி இருந்த கிராமத்து இளைஞர்களே அதன் முன்னணியில் நின்றார்கள். மறு ஆண்டு, பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, விரிவான சீர்திருத்தம் வந்தது. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை அமைந்தது. முதற்பரீட்சை 1975இல் நடந்தது. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம்வரை எல்லா மாணவருக்கும் தொழில்முன்னிலைப் பாடங்கள் கட்டாயமாயின. இவற்றில் ஒரு பகுதி அந்தந்தப் பிரதேசத்தின் தொழிலையே பாடமாக்கியது. ஆசிரியர் ஊருக்குள் போய், மீன்பிடியோ மட்பாண்டமோ கயிறு திரித்தலோ எது அங்கு நடக்கிறதோ அதை அத்தொழில் செய்பவரிடமே கேட்டறிந்து, அதிலுள்ள விஞ்ஞானத்தையும் கணக்கையும் பொருளாதாரத்தையும் பாடமாக எழுத வேண்டும் என்பது திட்டம். இலங்கை வகுத்த தொழிற்கல்வி விதிகளுள் மிகத் துணிவானது இதுவே. ஆறாவது கேள்விக்கு அது நேரடியாக விடை சொன்னது.

எனினும் அது நிலைக்கவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி போதவில்லை, பட்டறை இல்லை, பொருள் வாங்கப் பணம் இல்லை. அதற்கும் மேலாக, தொழில்முன்னிலைப் பாடத்தில் சித்தி பெற்றவருக்கு அதற்குரிய தொழிலில் தனி இடம் எதுவும் ஒதுக்கப்படவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் பழைய பரீட்சைகள் திரும்பின. 1980களில் வாழ்க்கைத் திறன்கள் என்ற பாடமும், 1997 சீர்திருத்தத்துடன் செயன்முறை, தொழினுட்பத் திறன்கள் என்ற பாடமும் அந்த வெற்றிடத்துக்குள் வந்தன. இரண்டும் பொதுவான கைப்பழக்கத்தையே நோக்கின, குறித்த பிரதேசத்தின் தொழிலை எடுக்கவில்லை.

அந்த ஒதுங்கலுக்கு ஒரு நியாயமும் உண்டு. கடலுக்கு அக்கரையில், சென்னை மாநிலத்தில், முதலமைச்சர் ராஜாஜி 1953இல் கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் புதிய முறை ஒன்றைப் புகுத்தினார். பிள்ளைகள் நாளின் ஒரு பகுதியில் மட்டும் வகுப்புக்கு வந்து, மிகுதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். வண்ணாரின் பிள்ளையை வண்ணாராகவும் குயவரின் பிள்ளையைக் குயவராகவும் நிறுத்திவைக்கும் சூழ்ச்சி என்று அது கண்டிக்கப்பட்டது. 1954இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராசர் திட்டத்தை நீக்கினார். தமிழ்ச் சமூகத்தில் உள்ளூர்த் தொழிலைப் பாடசாலையில் கற்பிக்கலாம் என்று யார் சொன்னாலும் இந்த வரலாற்றுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடற்றொழிலாளர் ஊரில் கடற்றொழிலைப் பாடமாக்குவது, பிள்ளையைத் தகப்பனின் வள்ளத்திலேயே கட்டிப்போடுவதாக முடியக்கூடாது. ஆகவே உள்ளூர்த் தேவையைக் கணக்கிலெடுக்கும் எந்த விதியும் இரண்டு காப்புகளோடு வர வேண்டும். பாடத்தை மாணவர் தாமே தெரிவுசெய்ய வேண்டும். கற்ற பின் மேலே படிக்கும் வழி அடைபடக்கூடாது. 1953இன் திட்டத்தில் இவ்விரண்டும் இல்லை. 1972இன் திட்டத்தில் மேற்படிப்பு திறந்தே இருந்தது, ஆனால் தெரிவு குறைவு.

இன்றைய ஏற்பாட்டில் தொழில்சார்ந்த கற்றல் நான்கு படிகளில் வருகிறது. தரம் 6 முதல் 9 வரை செயன்முறை, தொழினுட்பத் திறன்கள். அடுத்து க.பொ.த. சாதாரண தரம். இப்பரீட்சைக்கு மாணவர் ஒன்பது பாடங்கள் எடுக்கிறார். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மிகுதி மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும். மூன்றாம் தொகுதியே தொழினுட்பத் தொகுதி. விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், நீருயிரினவளத் தொழினுட்பம், மனைப்பொருளியல், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஆகியவற்றோடு, வடிவமைப்புடன் சேர்ந்த நிர்மாணம், இயந்திரவியல், மின்னும் இலத்திரனியலும் என்ற மூன்று பாடங்களும் இதில் உள்ளன. சுகாதாரமும் உடற்கல்வியும் இதே தொகுதிதான்.

காகிதத்தில் இந்தத் தொகுதி மன்னாருக்கென்றே எழுதியது போலத் தோன்றும். வயலுக்கு விவசாயம், கடலுக்கு நீருயிரினவளம், வள்ளத்து இயந்திரத்துக்கும் உழவு இயந்திரத்துக்கும் இயந்திரவியல். ஆனால் ஒரு பாடசாலை இவற்றில் எதை நடத்த வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே அந்தப் பாடசாலையின் தெரிவாகிவிடுகிறது. சிறிய பாடசாலையில் மூன்றாம் தொகுதிக்கு ஓராசிரியரோ இருவரோ கிடைத்தாலே அதிபர் ஆறுதலடைவார். மைதானம் மட்டும் வேண்டிய பாடத்தை எளிதில் நடத்தலாம். கடைசல் பொறியும் ஒட்டுவேலைக் கருவியும் வேண்டிய பாடத்தை அப்படி நடத்த முடியாது. மாணவரின் தெரிவு என்று விதி சொல்வது, பல இடங்களில் இடமாற்றப் பட்டியலின் தெரிவாக இருக்கிறது.

மூன்றாம் படி உயர்தரத் தொழினுட்பத்துறை. 2013இல் இது தொடங்கி, முதற்பரீட்சை 2015இல் நடந்தது. பொறியியல் தொழினுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பம் ஒன்று, தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் இன்னொன்று, மூன்றாவதாகக் குறித்த பட்டியலிலிருந்து ஒரு பாடம். உயிரியலும் பௌதிகமும் கற்பிக்க வழியில்லாத பாடசாலைகளிலிருந்தும் தொழினுட்பப் பட்டப்படிப்புக்குப் பாதை திறந்தது இத்துறையின் பெரிய நன்மை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும் தொழினுட்பக் கற்கைகளுக்குப் பீடம் உண்டு. ஆயினும் இதைத் தொழிற்கல்வி என்று சொல்வது முழுச் சரியாகாது. இது பல்கலைக்கழகப் போட்டிக்குரிய உயர்தரத் துறைகளுள் ஒன்று. அனுமதி கிடைக்காதவர் கையில் எந்தத் தொழிலுக்குமான தகைமையும் இருக்காது. உயர்தரத்துக்குள் நுழையவே, பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்று திறமைச் சித்திகளாக இருக்க வேண்டும்.

அந்த வாசலில் நின்றுவிடும் பிள்ளைகளுக்காகவே நான்காம் படி அமைக்கப்பட்டது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்று அறியப்படும் இத்திட்டம் 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. சாதாரண தரப் பரீட்சையில் சித்தி பெறாதவரும் 12ஆம் தரத்துக்குப் போகலாம் என்பதே இதன் முதல் நிபந்தனை. இலங்கைப் பாடசாலை வரலாற்றில் இது உண்மையிலேயே புதியது. முதற்கட்டத்தில் மொழி, தகவல் தொழினுட்பம், தொழில்முயற்சி போன்ற பொதுப் பாடங்களுடன் 26 தொழிற்பாடங்களிலிருந்து மாணவர் தெரிவுசெய்கிறார். அடுத்த கட்டத்தில் ஒரு தொழிலில் பயிற்சி. பயிற்சி நிறுவனத்திலும் வேலைத்தளத்திலுமாக அது நடந்து, தேசிய தொழிற்றகைமையின் நான்காம் மட்டத்தை நோக்கிப் போகிறது. மோட்டார் வாகனம், மின், நிர்மாணம், உலோகவேலை, உணவு பதப்படுத்தல், கால்நடை உற்பத்தி, நீர்வளம், சுற்றுலா, சிறுவர் பராமரிப்பு எனப் பட்டியல் நீள்கிறது.

தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். நான்காம் மட்டம் என்றால் மேற்பார்வையின்றித் தானாக வேலை செய்யக்கூடிய தொழிலாளி என்று பொருள். ஒவ்வொரு தொழிலுக்கும் தேசியத் தேர்ச்சி நியமம் எழுதப்பட்டிருக்கிறது. பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்க வேண்டும், பாடநெறி தராதர அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், கற்பித்தவர் அல்லாத மதிப்பீட்டாளர் மாணவரின் வேலையைச் செய்வித்துப் பார்க்க வேண்டும். சேர்க்கை, பாடம், சான்றிதழ் மூன்றையும் இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய ஏற்பாடு இதற்கு முன் இருக்கவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழினுட்பத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் இரத்மலானையில் நிறுவப்பட்டதால், டிப்ளோமா மட்டத்தைத் தொட்டவர் பட்டம்வரை ஏறும் படியும் கிடைத்தது. குலக்கல்விக்கு எதிரான பழைய கவலையைத் தீர்க்கும் காப்புகளில் ஒன்று, மேலே செல்லும் வழி, ஆக இன்று சட்டத்திலேயே இருக்கிறது.

குறை வேறிடத்தில். இந்தக் கட்டமைப்பின் கடைசிப் படி பாடசாலைக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்வரும் தூரத்தை எந்த விதியும் அளக்கவில்லை. கொழும்பிலோ கம்பஹாவிலோ உள்ள பாடசாலையைச் சுற்றித் தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை, தொழினுட்பக் கல்லூரி என்று பயிற்சி இடங்களும், மாணவரை வேலைத்தளப் பயிற்சிக்கு ஏற்கும் தொழிற்சாலைகளும் உண்டு. மன்னாரில் பெரிய தொழிற்சாலை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவையே உள்ளன. வடக்கின் தரமான தொழிற்பயிற்சி நிலையங்களுள் ஒன்றான இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்டது. நறுவிலிக்குளத்திலிருந்து தினமும் போய்வரும் இடமல்ல அது. விடுதி, பேருந்து, சாப்பாடு ஆகியவை மாணவருக்கான நிபந்தனைகளாக எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படாவிட்டாலும், நடைமுறையில் முதல் நிபந்தனைகள் அவையே. ஒரு பெண்பிள்ளை பதினேழு வயதில் வேறு மாவட்டத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்றால் வீட்டில் எழும் கேள்வி பாடத்தைப் பற்றியதாக இருக்காது.

வயதைப் பற்றிய சட்டங்களும் இங்கே குறுக்கிடுகின்றன. கட்டாயக் கல்வியின் மேல் எல்லை 14 வயதாக இருந்து 2016இல் 16 ஆயிற்று. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 16 ஆயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், பாடசாலையில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் வேலைக்குப் போகலாம் என்று இன்னொரு சட்டமும் ஒரே பிள்ளையைப் பார்த்துச் சொல்லின. இப்போது அந்த முரண் நீங்கியிருக்கிறது. ஆனால் 2010இல் வகுக்கப்பட்ட ஆபத்தான தொழில்கள் பற்றிய விதிகள் 18 வயதுக்குக் குறைந்தோரைப் பல வேலைகளிலிருந்து சரியாகவே விலக்குகின்றன. வேலைத்தளப் பயிற்சிக்கு மாணவரை அனுப்பும் பாடசாலை, காப்புறுதிக்கும் மேற்பார்வைக்கும் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுத்தில் உறுதிசெய்யாமல் அனுப்பக்கூடாது. கடலும் மின்சாரமும் உயரமும் சேர்ந்த தொழில்கள் உள்ள மாவட்டத்தில் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஆசிரியர் நிபந்தனை இன்னும் இறுக்கமானது. இலங்கை ஆசிரியர் சேவையில் சேரப் பட்டமோ தேசிய கல்வியியற் கல்லூரியின் டிப்ளோமாவோ வேண்டும். முப்பது வருடமாக வள்ளத்து இயந்திரம் திருத்திவரும் ஒருவருக்குப் பாடசாலையில் கற்பிக்க முறையான இடமில்லை. கல்வியின் தரத்தைக் காப்பதற்கு இந்த எல்லை தேவை என்று வாதிடலாம். பொதுப் பாடங்களுக்கு அது சரியும்கூட. தொழிற்பாடத்துக்கு அது பொருந்தாது. கருவியைப் பிடித்துப் பழகாத பட்டதாரி ஒருவர் இயந்திரவியலைக் கரும்பலகையில் படம் வரைந்து கற்பிக்கும் நிலையே அதிலிருந்து விளைகிறது. பாடசாலையிலும் வேலைத்தளத்திலுமாகக் கற்பிக்கும் ஜேர்மனியின் இரட்டை முறையில் வேலைத்தளத்தில் கற்பிப்பவர் தேர்ந்த தொழிலாளி. கற்பித்தலுக்கான தகுதியை அவர் தனியே நிரூபிக்க வேண்டும். தமிழ்நாடு 1978இல் மேல்நிலை வகுப்புகளைத் தொடங்கியபோது தொழிற்பிரிவையும் சேர்த்தே தொடங்கியது. அதே ஆண்டு பொருளியலாளர் மால்கம் ஆதிசேஷய்யா தலைமையிலான தேசியக் குழு மேல்நிலையில் தொழிற்கல்விக்கு வலுவான இடம் கேட்டு அறிக்கை தந்தது. 1986ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 25 விழுக்காட்டினர் 1995க்குள் தொழிற்பிரிவில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. எண்ணிக்கையை நிபந்தனையாக வைப்பது எளிது; கற்பிப்பவரைக் கண்டுபிடிப்பதே கடினம் என்பதற்கு அது போதிய சாட்சி.

ஆறாவது கேள்விக்கு இன்று தெளிவாகச் சட்டமியற்றியுள்ள நாடு அமெரிக்கா. அங்கு 1917இன் ஸ்மித்–ஹியூஸ் சட்டத்திலிருந்து மத்திய அரசு பாடசாலைத் தொழிற்கல்விக்குப் பணம் தருகிறது. விதிகளை வகுப்பது பெரும்பாலும் மாநிலங்கள். 2018இல் புதுப்பிக்கப்பட்ட பெர்க்கின்ஸ் சட்டத்தின்படி, பணம் கேட்கும் ஒவ்வொரு பாடசாலை மாவட்டமும் உள்ளூர்த் தேவைகளை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும், அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். முதலாளிகள், தொழிலாளர், பெற்றோர், மாணவர், ஆசிரியர் ஆகியோரைக் கலந்தே அதைத் தயாரிக்க வேண்டும். திட்டம் போதிய அளவும் பரப்பும் தரமும் உடையதா என்று மாநிலம் பார்க்கும். ஒரு துறையில் குறைந்தது இரண்டு பாடநெறிகளை முடித்தவரே அத்துறையின் மாணவராகக் கணக்கில் வருவார். ஆண்களுக்கென்று ஒதுங்கிப்போன தொழிலில் பெண்களும், பெண்களுக்கென்று ஒதுங்கிப்போனதில் ஆண்களும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதும் கேட்கப்படும். அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்து நடத் தேவையில்லை. அங்குள்ள பணவளம் இங்கில்லை. ஆனால் உள்ளூர்த் தேவை மதிப்பீட்டுக்குப் பட்டறை வேண்டாம், இயந்திரம் வேண்டாம். வலயக் கல்வி அலுவலகமும் பிரதேச செயலகமும் கூடி உட்கார்ந்தால் போதும்.

நானாட்டான் பிரிவுக்கு அப்படியொரு மதிப்பீடு எழுதப்பட்டால் அதில் வரக்கூடியவற்றைக் கண்ணால் பார்த்தே சொல்லலாம். தேக்கத்தில் மறித்த அருவி ஆற்று நீர் கட்டுக்கரைக்குளத்தை நிரப்பி, முருங்கன், நானாட்டான் வயல்களுக்குப் பாய்கிறது. உழவிலிருந்து அறுவடைவரை இன்று இயந்திரமே வேலை செய்கிறது. அறுவடையின் நடுவில் இயந்திரம் பழுதானால் நெல் வயலிலேயே நின்று கொட்டும். திருத்துநர் அருகில் இருப்பதும் இல்லாததும் விவசாயியின் வருமானத்தை நேரடியாகத் தொடும். கரையில் வங்காலையிலிருந்து அரிப்பு, சிலாவத்துறைவரை கண்ணாடியிழை வள்ளங்களும் வெளியிணைப்பு இயந்திரங்களும். அவற்றின் பராமரிப்பு, கண்ணாடியிழை ஒட்டுதல், ஐஸ் உற்பத்தி, குளிரூட்டல், நண்டும் கணவாயும் பதப்படுத்தும் சுகாதார முறை ஆகிய ஒவ்வொன்றும் நியமம் எழுதக்கூடிய தொழில். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 கோபுரங்கள் சுழல்கின்றன. அதன் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. அவற்றைப் பராமரிக்கும் மின், இயந்திரவியல் வேலைகளுக்கு இம்மாவட்டப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் தனிப் பாடநெறி பாடசாலைப் பட்டியலில் இல்லை. காற்றாலைகள் பறவைகளையும் மீன்பாட்டையும் பாதிக்கின்றன என்ற மன்னார் மக்களின் எதிர்ப்பு வலுவானது. ஆனால் நிற்கும் கோபுரங்களில் வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வருவது அந்த எதிர்ப்புக்கு இன்னொரு காரணமாகவும் ஆகும். சுற்றுலாவுக்கும் வழி உண்டு. தலைமன்னாருக்குப் புகையிரதம் 2015இல் திரும்பியது. 2010இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் நாரைகளும் வாத்துகளும் வருகின்றன. பறவை பார்க்க வருபவரும் வருகிறார்கள். சுற்றுலாப் பாடம் படிக்கும் பிள்ளைக்கு விடுதி வரவேற்பு மேசையைவிட இந்தச் சரணாலயமே அருகிலுள்ள வகுப்பறை.

இந்த மதிப்பீடு நடப்பதற்குச் சட்டத்தடை எதுவுமில்லை. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் தவிர்ந்த மற்றவை மாகாணத்தின் பொறுப்பு. மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்கள் உள்ளன. மூன்றாம் தொகுதியில் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடசாலையில் ஆசிரியரை வைப்பது என்பதை மாகாணமே ஒழுங்குபடுத்த முடியும். ஒவ்வொரு சிறிய பாடசாலைக்கும் ஒரு பட்டறை என்பது நடவாத காரியம். வலயத்துக்கு ஒரு நல்ல பட்டறையை நிறுவி, சுற்றியுள்ள பாடசாலைகளின் பிள்ளைகளைக் கிழமையில் ஒரு நாள் அங்கே அழைத்துவருவது நடக்கக்கூடியது. அதற்கு வேண்டியது ஒரு பேருந்தும், ஒரு நேரசூசியும், பயிற்றுநராக ஒரு தேர்ந்த தொழிலாளியை ஒப்பந்தத்தில் அமர்த்தும் அனுமதியும். இவற்றில் கடைசியானதற்கே மத்திய அரசின் விதி மாற வேண்டும்.

பெண்பிள்ளைகளின் தெரிவு தனியே பேசவேண்டியது. தையல், அழகுக்கலை, சிறுவர் பராமரிப்பு என்ற மூன்றுக்குள் அவர்களை அனுப்பும் வழக்கம் எந்தச் சுற்றறிக்கையும் சொல்லாமலே நடக்கிறது. கரையில் மீனைத் தரம்பிரிப்பதும் நண்டுச் சதை எடுப்பதும் கருவாடு போடுவதும் பெண்களே. அந்த வேலைக்கு உணவுத் தொழினுட்பத் தகைமை சேர்ந்தால் கூலிக்காரி தரக்கட்டுப்பாட்டாளராகலாம். குளிரூட்டல் கற்றால் ஐஸ் ஆலையை அவரே நடத்தலாம். எந்தப் பாடத்தில் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள் என்று வலயம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற ஒரு விதிகூட இங்கே நிறைய மாற்றும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் இதுவே பொருந்தும். போருக்குப் பிந்திய வடக்கில் அந்தத் தேவை கூடுதல்.

சான்றிதழைப் பொறுத்தவரை, பாடசாலையைத் தாண்டியும் திறந்திருக்கும் ஒரு வாசல் மன்னாருக்கு மிகவும் பயன்படக்கூடியது. முன்னனுபவத்தை அங்கீகரித்தல் என்ற முறையில், பயிற்சி நிலையத்துக்கே போகாதவரும் தம் வேலையைக் காட்டித் தேசிய தொழிற்றகைமை பெறலாம். மதிப்பீட்டாளர் முன் அவர் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட வேண்டும், நியமத்திலுள்ள ஒவ்வொரு செயலையும் செய்துகாட்ட வேண்டும், தாம் செய்த வேலைகளுக்கான சான்றுகளை முன்வைக்க வேண்டும். கராச்சில் எண்ணெய்க் கையோடு நிற்கும் நாற்பது வயதுக்காரருக்கும், சாதாரண தரத்துடன் நின்று மேசன் வேலைக்குப் போன இளைஞருக்கும் இந்த வழி உண்டு. வளைகுடா நாடுகளில் வேலை தேடும்போதும் இந்தச் சான்றிதழுக்குப் பெறுமதி இருக்கிறது. இதைப் பாடசாலையோடு இணைத்தால் இரண்டு பக்கமும் பயன் வரும்: நான்காம் மட்டத்தை இவ்வாறு பெற்ற உள்ளூர்த் தொழிலாளியை வலயப் பட்டறையின் பயிற்றுநராகவும், மாணவரின் வேலைத்தளப் பயிற்சிக்கு அவரது பட்டறையையே அங்கீகரித்த இடமாகவும் எடுக்கலாம். அப்போது நறுவிலிக்குளத்து மாணவர் வேலைத்தளப் பயிற்சிக்காகக் கிளிநொச்சிக்கோ கொழும்புக்கோ போக வேண்டியதில்லை. நானாட்டானிலோ வங்காலையிலோ ஒரு பட்டறை போதும். அதற்கு ஆணைக்குழுவின் பதிவு விதிகளில் சிறு பட்டறைகளுக்கென ஓர் இலகுவான வகை சேர்க்கப்பட வேண்டும்.